ஒரு பட்டாலியனுக்கு எத்தனை உருவங்கள்? நெப்போலியன் கால மேசைப்போர்: கேள்வி பதில்

மேசைப்போர் என்பது சின்னப் பொம்மை வீரர்களை மேசைமேல் நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. 28 மி.மீ. உயர உருவங்களைக் கொண்டு நெப்போலியன் காலப் படைகளைத் திரட்டுகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வார்த்தை: ஆடப்போகும் மேசையை அளக்காமல் ஓர் உருவப் பெட்டிகூட வாங்காதீர்கள்.

கேள்வி: பிரெஞ்சுக் காலாட்படையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பட்டாலியனுக்கு 24 உருவங்களா, 36 உருவங்களா?

24. காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். 1808 பிப்ரவரி ஆணைப்படி பிரெஞ்சு பட்டாலியனில் ஆறு கம்பெனிகள்: நான்கு ஃபியூசிலியர் (சாதாரணக் காலாட்கள்), ஒரு கிரெனேடியர் (தேர்ந்தெடுத்த வீரர்கள்), ஒரு வோல்ட்டிஜர் (முன்னே சிதறிச் சென்று சுடுகிறவர்கள்). கம்பெனிக்கு 140 பேர் வீதம் மொத்தம் 840. இது காகிதக் கணக்கு. நடந்து களைத்து, நோயில் ஆள் குறைந்து களத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் 500, 600 பேர்தான். 600 பேருக்கு 24 உருவங்கள் என்றால் ஓர் உருவம் 25 பேருக்குச் சமம்.

கம்பெனிக்கு ஓர் அடித்தட்டு, 40 மி.மீ. சதுரம், அதில் முன்னால் இருவர், பின்னால் இருவர். ஆறையும் வரிசையாக வைத்தால் 240 மி.மீ. வலது ஓரத்தில் கிரெனேடியர், இடது ஓரத்தில் வோல்ட்டிஜர். தாக்குதல் பத்திக்கு, அதாவது அகலம் குறைந்து ஆழம் கூடிய அணிவகுப்புக்கு, மாற வேண்டுமானால் இரண்டு தட்டு அகலம், மூன்று தட்டு ஆழம். உண்மையான பத்தியும் இப்படித்தான் அமைந்தது: இரண்டு கம்பெனி அகலம், மூன்று கம்பெனி ஆழம்.

24-க்கு இன்னொரு பலனும் உண்டு. ரஷ்ய, பிரஷ்ய பட்டாலியன்களில் நான்கு கம்பெனிகள். ஆறு உருவங்கள் கொண்ட 60 மி.மீ. தட்டு நான்கு வைத்தால் அதே 240 மி.மீ. வந்துவிடும்.

கேள்வி: 36 பார்க்க இன்னும் கம்பீரமாக இருக்குமே?

இருக்கும். ஆனால் ஆறடி மேசையின் நீளம் ஏறக்குறைய 1,830 மி.மீ. 36 உருவங்களின் வரிசை 360 மி.மீ. ஐந்து பட்டாலியன்களை அருகருகே நிறுத்தினால் மேசை நிரம்பிவிடும். பிறகு பக்கவாட்டில் சுற்றிவர குதிரைப்படைக்கு வழி ஏது? எட்டடி, பத்தடி மேசை இருக்கிறவர்கள் தாராளமாக 36 வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆஸ்டர்லிட்ஸ் போரை ஆடப்போகிறேன். 1805-இல் பிரெஞ்சு பட்டாலியனில் ஒன்பது கம்பெனிகள் அல்லவா?

ஆம். அதற்காக ஒட்டிய உருவங்களைப் பெயர்த்தெடுக்காதீர்கள். 24 போதும்.

கேள்வி: பிரிட்டிஷார் இரண்டு வரிசையில் நின்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் மூன்று வரிசையில் நின்றார்கள். இருவருக்கும் ஒரே 240 மி.மீ. கொடுத்தால் பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டனின் பலமே போய்விடாதா?

போய்விடும். இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். தோளோடு தோள் நிற்கும் ஒருவருக்கு 55 செ.மீ. இடம் என்று வையுங்கள். இரண்டு வரிசையில் 600 பேர் நின்றால் முன்வரிசையில் 300 பேர். அகலம் 165 மீட்டர். மூன்று வரிசையில் 200 பேர், 110 மீட்டர். மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம். பத்தியாக ஏறிவந்த பிரெஞ்சுக்காரர்களை பிரிட்டிஷ் வரிசை இரு பக்கமும் அணைத்துச் சுட முடிந்தது இந்த அகலத்தால்தான்.

எனவே பிரிட்டிஷாருக்கும் அதே 24 உருவங்கள். ஆனால் தட்டு மட்டும் 60 மி.மீ. அகலம். ஆறு தட்டுகள் 360 மி.மீ. வரும். மெல்லிய வரிசை கண்ணுக்கும் மெல்லியதாகவே தெரியும். தலையை எண்ணாதீர்கள், அகலத்தைப் பாருங்கள்.

இதையே கேட்டவர்: அப்படியானால் பிரெஞ்சுக்காரர்களையும் மூன்று வரிசையாகவே ஒட்டலாமே?

கூடாது. மூன்று வரிசை வீரர்களின் உண்மையான ஆழம் மூன்று மீட்டருக்குள். 240 மி.மீ. 110 மீட்டரைக் குறிக்கும்போது அது மேசையில் ஆறேழு மில்லிமீட்டர்தான். நம் 40 மி.மீ. தட்டே 18 மீட்டர் ஆழம் காட்டுகிறது. மூன்றாம் வரிசையையும் ஒட்டினால் 27 மீட்டர். பின்னால் வரும் இரண்டாம் அணிக்கு மேசையில் இடமே இருக்காது.

இன்னொருவர்: அகலத்தை மாற்றத் தேவையில்லை. பிரிட்டிஷாருக்குச் சுடும்போது கூடுதல் பகடை கொடுத்தால் போதும்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். பகடை சுடும் பலத்தை மட்டும் கூட்டும். அகலமான வரிசைக்கு ஒரு பலவீனமும் உண்டு: பக்கவாட்டில் குதிரைப்படை வந்தால் சுருக்கிச் சதுர வியூகம் அமைப்பது சிரமம். 1811-இல் ஸ்பெயினின் அல்புவேராவில் பிரிட்டிஷ் தளபதி கோல்போர்னின் படையணி வரிசையாக நின்றபோதுதான் பிரெஞ்சுத் தரப்பின் போலந்து ஈட்டிவீரர்கள் பக்கத்திலிருந்து பாய்ந்து அதைச் சிதைத்தார்கள். இந்த ஆபத்தை ஆடுகிறவர் தன் கண்ணால் மேசையில் பார்க்க வேண்டும்.

கேள்வி: எல்லா பட்டாலியனும் ஒரே அளவிலா?

பெரும்பாலும். விதிவிலக்குகளை மதியுங்கள். வாட்டர்லூவில் பிரிட்டிஷ் 52-ஆம் இலகு காலாட்படை ஆயிரம் பேருக்கு மேல். அதற்கு 36 கொடுங்கள். 1809-இன் பெரிய ஆஸ்திரிய பட்டாலியன்களுக்கும் அப்படியே.

கேள்வி: பீரங்கி?

இரண்டு பீரங்கிக்கு ஒரு மாதிரி. பிரெஞ்சுக் காலாள் பேட்டரியில் (பீரங்கிப் பிரிவில்) எட்டு, அதற்கு நான்கு மாதிரிகள். பிரிட்டிஷாருக்கு ஆறு, மூன்று மாதிரிகள். ரஷ்யருக்குப் பன்னிரண்டு, ஆறு மாதிரிகள், மேசையை அளந்தீர்களா?

கேள்வி: குதிரைப்படை ரெஜிமெண்ட்?

நான்கு ஸ்க்வாட்ரனுக்கு (ரெஜிமெண்டின் உட்பிரிவு) மொத்தம் 12 குதிரைகள்.

கேள்வி: 24 நல்லதா, 36 நல்லதா?

மேலே முதல் பதில்.

கேள்வி: ஓர் உருவம் ஒரே வீரனைக் குறிக்கும்படி வாட்டர்லூவை அமைக்க முடியுமா?

வில்லியம் சைபோர்ன் 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்த வாட்டர்லூ மாதிரியில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள். அதிலும் ஓர் உருவம் இரண்டு பேருக்குச் சமம். இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: 6 மி.மீ. உருவங்களுக்கு என்ன அளவு?

அது வேறு உலகம். அந்த அளவில் ஆடுகிறவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: 32 வைத்தால் 24-க்கும் 36-க்கும் நடுவில் இருக்குமே?

32 ஆறால் வகுபடாது. பிரெஞ்சு கம்பெனிகளை எப்படிப் பிரிப்பீர்கள்?

கேள்வி: முதல் பெட்டியை வாங்கும் முன் என்ன செய்யட்டும்?

தடித்த அட்டையில் 40 மி.மீ. சதுரங்களாக 48 வெட்டுங்கள். எட்டு பட்டாலியன்கள் கிடைக்கும். அவற்றை வைத்து ஒரு முழுப் போரை ஆடிப் பாருங்கள். இடம் நெருக்கினால் எட்டை ஆறாகக் குறையுங்கள், மிஞ்சினால் 36 உருவ அளவுக்கு வெட்டிப் பாருங்கள். அளவு மனதுக்குப் பிடித்த பிறகு பெட்டியைத் திறந்து பசையை எடுங்கள். மூன்று பட்டாலியன்களுக்கு வண்ணம் தீட்டிய பின் அளவை மாற்ற நினைக்கவே நினைக்காதீர்கள்.