பி.எட்-டில் படிக்கும் கல்வித் தத்துவமெல்லாம் பள்ளிக்கூடத்தில் எங்கே இருக்கிறது?

"ரூசோ, டூயி, மாண்டிசோரி, காந்தி என்று பத்து மார்க் கேள்விக்கு உருப்போடுகிறோம், பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒன்றையும் காணோம், இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா?" என்று சேலத்தில் பி.எட் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இருக்கிறது தம்பி, எல்லாமே இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் உள்ள உருவத்தில் இருக்காது. நான் ஏற்காடு மலையில் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் மாற்றலாகி டவுனுக்கு வந்து, கடைசிவரை ஒன்று முதல் ஐந்து வரைக்கும் பாடம் எடுத்தவள். எனக்குத் தெரிந்த ஒரு வழி சொல்கிறேன். எந்தத் தத்துவத்தைப் படித்தாலும் அது என்ன சொல்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். யார் வீட்டுப் பிள்ளைக்காக, எத்தனை பிள்ளைக்கு ஒரு வாத்தியார் வைத்து, யார் காசில் அது நடந்தது என்றும் கேளுங்கள். பாதி வரலாறு அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

நம்ம திண்ணைப் பள்ளியையே எடுங்கள். 1790களில் பாராமகாலில், அதாவது இந்தச் சேலம், தருமபுரிப் பக்கம் வரி வசூல் வேலையில் இருந்த தாமஸ் மன்றோதான் பிற்பாடு கவர்னராகி, 1822ல் சென்னை மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. பெண் பிள்ளைகள் சொற்பம். அந்தத் திண்ணைகளில் பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னதுகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான், மணலில்தான் எழுதிப் பழகுவார்கள். எழும்பூரில் ராணுவத்தார் வீட்டு அநாதைப் பையன்களின் பள்ளியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் இந்த முறையைப் பார்த்துத் தன் பள்ளியிலும் வைத்துக்கொண்டார், 1797ல் அதைப் பற்றி லண்டனில் எழுதி வெளியிட்டார். அங்கே அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது? ஆலைத் தொழில் பெருகிய நகரங்களில் கூட்டம் கூட்டமாக இருந்த ஏழைப் பிள்ளைகளை ஒரே வாத்தியாரை வைத்துச் சமாளிக்க முடிந்தது, செலவு குறைவு. பிள்ளைக்குப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொடுத்த பழக்கம், அங்கே போய் பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக உட்கார வைத்து உத்தரவுக்கு எழுதும் ஏற்பாடாக மாறிவிட்டது.

இனி டூயிக்கு வருகிறேன், எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இந்த இடம். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1896ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைப் பள்ளி தொடங்கினார். அங்கே பிள்ளைகளிடம் பருத்தியையும் கம்பளியையும் கொடுத்துவிட்டார்கள். கையால் பருத்திக்கொட்டையை நீக்கிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் ஒரு அவுன்ஸ் பஞ்சுகூடத் தேறவில்லை. அந்த நாட்டில் ஒரு காலத்தில் ஏன் எல்லோரும் கம்பளியே உடுத்தினார்கள், பருத்தி ஏன் பிந்தி வந்தது என்று பிள்ளைகளே யோசித்துக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து இயந்திரம், வணிகம், வரலாறு என்று பாடம் விரிந்தது. படிக்கப் படிக்க ஆசையாக இருக்கும்.

இதே பஞ்சு நூல் இங்கே காந்தியின் ஆதாரக் கல்வியில் வருகிறது. 1937ல் வார்தாவில் கூடிப் பேசி, ஜாகிர் உசேன் குழு திட்டம் போட்டது: ஏழு வருடம் கட்டாய இலவசப் படிப்பு, தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து. தக்ளியில், அதாவது கையால் சுழற்றும் சின்னக் கதிரில் நூற்றபடியே கணக்கும் பூகோளமும் படிக்கலாம் என்பது டூயி சொன்னதற்குத் தூரமில்லை. ஆனால் காந்தி இன்னொன்றும் சேர்த்தார்: பிள்ளைகள் செய்த பொருளை விற்று வாத்தியார் சம்பளத்துக்கு வழி செய்ய வேண்டும். வெள்ளைக்கார அரசு பள்ளிக்குக் காசு தராது, சாராய வருமானத்தில் பள்ளி நடத்துவதும் பிடிக்கவில்லை, அதனால் அப்படி யோசித்தார். யோசித்த காரணம் நியாயம்தான், ஆனாலும் எனக்கு அந்த இடம் உறுத்துகிறது. பள்ளிச் செலவு பிள்ளையின் கைவேலையை நம்பி இருந்தால், பாடம் முதலில் வருமா, உருப்படி எண்ணிக்கை முதலில் வருமா?

அப்புறம் 1953. ராஜாஜி நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லலாம், அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917ல் நகராட்சித் தலைவரானவர். முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்: பிள்ளைகள் பள்ளியில் மூன்று மணி நேரம் இருந்தால் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும். இருக்கிற கட்டடத்தையும் வாத்தியாரையும் வைத்து இரண்டு ஷிஃப்ட் நடத்தி, இரண்டு பங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது கணக்கு. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்து நின்றார்கள், 1954ல் காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது.

இளம்பிள்ளைப் பக்கம் தறி வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு பிள்ளையை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பினால் அது என்ன கற்றுக்கொள்ளும்? அப்பா குழித்தறியில் உட்கார்ந்திருப்பார், பிள்ளை இராட்டையில் தார் சுற்றும், அதாவது தறிக்கு வேண்டிய ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றும். சாயங்காலம் வரைக்கும் தார் சுற்றும். பருத்தி எங்கிருந்து வந்தது, நூல் விலை ஏன் ஏறுகிறது, முதலாளி கூலியை எப்படிக் கணக்குப் போடுகிறார் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கு நேரம் இருக்கிறது? சிகாகோவில் நூல் நூற்ற பிள்ளை நெசவாளியாகப் போவதில்லை, நாளைக்கு வேறு எதுவாகவும் ஆகலாம். இங்கே அந்தப் பிள்ளைக்கு மற்றதெல்லாம் அடைபட்டுப் போகும். பார்த்தால் இரண்டும் கைவேலை வழிக் கல்விதான். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் தறிக்கார வீட்டில் பிறந்த நான் வாத்தியார் ஆகியிருப்பேனா என்று இன்றைக்கும் நினைக்கிறேன். காமராஜர் காலத்தில் 1956ல் மதிய உணவு வந்ததையும் இதோடு சேர்த்துப் படியுங்கள், எந்தத் தத்துவப் பாடத்திலும் அதைச் சேர்ப்பதில்லை, ஆனால் பிள்ளையைப் பொழுதுக்கும் பள்ளியில் உட்கார வைத்தது அந்தச் சோறு.

மாண்டிசோரி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1907ல் ரோமில் அவர் தொடங்கியது கூலித் தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்காக. 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். இன்றைக்கு அந்தப் பெயர் வசதியான பேட்டைகளில் பள்ளிப் பலகையில்தான் அதிகம் தென்படுகிறது, உள்ளே போனால் எல்.கே.ஜி பிள்ளைக்கு வீட்டுப்பாட நோட்டு கொடுத்து அனுப்புகிறார்கள்.

பிள்ளை தானே எடுத்துச் செய்து, தன் வேகத்தில் கற்கட்டும் என்று அவர் சொன்னது அரசுப் பள்ளிக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியார் சுற்றுக் கிராமங்களின் சிறு பள்ளிகளுக்காக பாட அட்டைகளும், அவற்றைப் படிப்படியாக வரிசைப்படுத்திக் காட்டும் ஏணி என்ற படமும் வைத்து ஒரு முறை செய்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08ல் தமிழ்நாடு முழுக்க வந்தது. பெஞ்சு போய் பாய் வந்தது. சுவரின் அடியில் பிள்ளைக்கு எட்டுகிற மாதிரி கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் படங்கள். வாத்தியாரும் தரையில் உட்கார வேண்டும். பிள்ளை ஏணியில் தன் படியைப் பார்த்து, அதற்கான படம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துவரும்.

மலையில் அது எப்படி வேலை செய்தது என்று என் கண்ணால் பார்த்தேன். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் பிள்ளைகள் அம்மாவோடு எஸ்டேட்டுக்குப் போய்விடும். இரண்டாம் வகுப்பில் ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண் பிள்ளை, வாரக்கணக்கில் வராமல் இருந்து ஜனவரியில் திரும்பி வந்தாள். முன்பென்றால் பாடம் எங்கேயோ போயிருக்கும், அவள் பின்னால் உட்கார்ந்து முழிப்பாள், அடுத்த வருடம் வரவே மாட்டாள். இப்போது நேரே போய் தான் விட்ட அட்டையை எடுத்துவந்து உட்கார்ந்தாள். ஐந்து வகுப்புக்கு இரண்டு வாத்தியார் இருக்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை.

அதே முறை டவுனில், நாற்பது பிள்ளைக்கு மேல் ஒரே ஆசிரியை இருக்கிற வகுப்பில் திணறியது. அட்டை கிழிந்தால் மாற்று வராது, பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்த ஆறு குழுவையும் ஒரே ஆள் பார்க்க முடியாது, வட்டார வள மையத்திலிருந்து மேற்பார்வைக்கு ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் தட்டுகள் வெளியே வரும். 'என் பிள்ளை எந்த வகுப்புப் பாடம் படிக்குதுன்னே தெரியலை டீச்சர்' என்று பெற்றோரும் கோபப்பட்டார்கள், அதில் நியாயம் இருந்தது.

தத்துவமே இல்லாத மாதிரித் தெரியும் பள்ளிகளிலும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, மார்க்தான் படிப்பு என்பதே அது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்திய விடுதிப் பள்ளிகளை நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அரசு 2017-18ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்ததே அதனால்தான்.

கொரோனாவுக்குப் பிறகு 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்குத் தக்கபடி பாடம் பிரிக்கிறார்கள், பழைய ஏணியின் சாயல் அதில் நன்றாகத் தெரியும். பி.எட்-காரர்களுக்கு உயர்நிலைப் பள்ளிதான் ஒதுக்குவார்கள் என்று தெரியும். இருந்தாலும் டிசம்பர், ஜனவரியில் ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு மலைக்கு மேலே ஏதாவது ஓர் ஈராசிரியர் பள்ளிக்குப் போய்க் காலையிலிருந்து மணி அடிக்கிற வரைக்கும் உட்காருங்கள். யார் வரவில்லை, எங்கே போயிருக்கிறார்கள், திரும்பி வந்த பிள்ளைக்கு வாத்தியார் எங்கிருந்து தொடங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் டூயியை மறுபடி எடுத்துப் படியுங்கள். சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், பதில் சொல்கிறேன்.