சபைச் சுவருக்கு வெளியே: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் 12 பேர். மாதம் ஒரு சனிக்கிழமை தெருவில் சுவிசேஷத் துண்டுப்பிரதி (கைப்பிரதி) கொடுக்கிறோம். ஒரு வருடமாகியும் யாரும் சபைக்கு வரவில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: கைப்பிரதியில் தவறில்லை. ஆனால் மாதத்துக்கொரு இடம் என்றால், வாங்கியவருக்குக் கேள்வி எழுந்தாலும் உங்களிடம் வந்து கேட்க வழியில்லை. லூக்கா 10-ல் இயேசு எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பும்போது, வீட்டுக்கு வீடு போக வேண்டாம், ஒரே வீட்டில் தங்கி அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். நாமோ கொடுக்க மட்டுமே போகிறோம், வாங்கிக்கொள்ளப் பழகவில்லை.

ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதியோர் இல்லம், தொழிலாளர் குடியிருப்பு, மாணவர் விடுதி, எதுவானாலும் சரி. பொறுப்பாளரிடம் அனுமதி வாங்குங்கள். எந்தச் சபையிலிருந்து வருகிறீர்கள் என்பதை அப்போதே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முதல் நான்கு வாரம் எதுவும் கொடுக்க வேண்டாம். அங்கே வசிப்பவர், வேலை செய்பவர், வந்துபோகும் உறவினர் என மூன்று தரப்பிடமும் "இங்கே எதற்குச் சிரமப்படுகிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். மூவரும் சொல்வதில் பொதுவான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது நாம் நினைத்துப் போனதாக இராது: படிவம் நிரப்பித் தர ஆள் வேண்டும், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும், மருத்துவரிடம் துணைக்கு வர ஆள் வேண்டும்.

வாரம் ஒரு நாள், அதே நேரம், இரண்டு மணி நேரம் போதும். பன்னிரண்டு பேரும் சேர்ந்து போகாதீர்கள். நான்கு பேரை நியமித்து, இருவர் இருவராக முறை வைத்து அனுப்புங்கள். முகம் பழகும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் வேலை நிற்காது. இப்படிப்பட்ட ஊழியங்கள் சரிவது இங்கேதான்: முதல் வாரம் பதாகையும் கேமராவுமாக இருபது பேர், மூன்றாம் மாதம் ஒருவரும் இல்லை. வருவதாகச் சொல்லி வராமல் போவதைவிட, தொடங்காமலே இருப்பது நல்லது.

ஒரு நோட்டில் யாரைப் பார்த்தீர்கள், என்ன செய்வதாகச் சொன்னீர்கள் என்று எழுதி அடுத்த முறைக்காரரிடம் கொடுங்கள். பண உதவியை இருவராவது சேர்ந்து முடிவு செய்து, பள்ளிக்கோ மருந்துக்கடைக்கோ நேரடியாகக் கட்டுங்கள். ஒருவரே ரொக்கமாகக் கொடுத்தால் அவர் கடன் கொடுத்தவராகவோ எஜமானாகவோ ஆகிவிடுவார். பிள்ளைகளோடு இருக்கும்போது பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு இல்லை, போதகருக்கும்.

கேள்வி: மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கும்போது எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: சாப்பாட்டு வேளையையும் மருத்துவர் சுற்றிவரும் நேரத்தையும் தவிருங்கள். சளி இருந்தால் போகவே வேண்டாம். கை கழுவி உள்ளே போங்கள், கட்டிலில் உட்காராதீர்கள். பத்து நிமிடம் போதும். "ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் முகம் மாறாமல் பேச்சைத் தொடருங்கள். ஜெபம் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சம்மதமில்லாமல் தலையில் கை வைக்காதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்வதும் குணமாகும் என்று நாள் குறிப்பதும் கூடவே கூடாது. அவருடைய நோய் விவரம் ஞாயிறன்று ஜெபக்குறிப்பாக வாசிக்கப்படுவது, பக்தி வேடம் போட்ட ஊர்வம்புதான்.

கேள்வி: உதவி பெறுபவர்கள் சபைக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாமா?

பதில்: கூடாது. அரிசிக்காக வருகிறவர் அரிசி தீர்ந்ததும் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. யாராவது விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால், 1 பேதுரு 3:15 சொல்கிறபடி சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே இடத்துக்கு ஆறு மாதமாகப் போகிறோம். பலன் இல்லை என்று சபை மூப்பர்கள் நிறுத்தச் சொல்கிறார்கள்.

பதில்: இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்தது 1793-ல். அங்கே அவர் முதல் இந்து விசுவாசியான கிருஷ்ண பாலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில், ஏழு ஆண்டுகள் கழித்து. மூப்பர்களிடம் தலைக்கணக்கைக் காட்டாமல், யாரைப் பார்த்தீர்கள், என்ன செய்வதாகச் சொன்னீர்கள் என்று எழுதிவரும் நோட்டைக் காட்டுங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரை ஒரு வாரம் கூட அழைத்துப் போங்கள். அங்கிருந்து யாராவது உங்களோடு வர விரும்பினால், முதலில் வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். ஆராதனைக்கு வரும் நாளில் பக்கத்திலேயே உட்காருங்கள். "புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்ற அறிவிப்பை அன்றைக்கு விட்டுவிடும்படி போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.