உள்ளே இருப்பவருக்கு என்ன எழுதுவது?

வணக்கம் சார்,

சில வருடங்களாக உங்களைப் படித்துவருகிறேன். இதுவரை எழுதியதில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

என் தம்பி ஓர் அடிதடி வழக்கில் தண்டனையாகி மத்திய சிறையில் இருக்கிறான். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம். மாதம் ஒருமுறை மனு போட்டுப் பார்த்துவிட்டு வருகிறோம். கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். "சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, வக்கீல் என்ன சொன்னாரு" என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

அம்மாவுக்குச் சர்க்கரை முற்றி, இரண்டு மாதம் முன்பு கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அவனிடம் சொல்லவில்லை. மூட்டு வலி, அதனால்தான் வரவில்லை என்று சமாளிக்கிறோம். அவன் மகளுக்கு ஆறு வயது. அப்பா துபாயில் இருக்கிறார் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.

கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. எல்லாவற்றையும் மறைத்த பிறகு எழுத என்ன இருக்கிறது?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். மறைத்ததால்தான் எழுத ஒன்றும் இல்லாமல் போயிருக்கிறது.

சிறைக் கடிதம் என்றால் நம்மவர்கள் உடனே நேருவைச் சொல்வார்கள். அவர் உள்ளேயிருந்து வெளியே மகளுக்கு எழுதினார். வெளியிலிருந்து உள்ளே போகவேண்டிய கடிதத்தைப் பற்றி நிறைய யோசித்தவர் என்று எனக்குத் தோன்றுவது இத்தாலியின் கம்யூனிஸ்ட் தலைவர் அந்தோனியோ கிராம்சி. அவருடைய அரசியல் இங்கே வேண்டாம், குடும்பக் கதை போதும். 1926 நவம்பரில் முசோலினி அரசு அவரைக் கைதுசெய்தது. 1928இல் இருபது ஆண்டுக்கு மேல் தண்டனை. மனைவி ஜூலியா இரண்டு பையன்களோடு மாஸ்கோவில். இளையவனை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மனைவியின் அக்கா தாத்தியானா இத்தாலியிலேயே இருந்து மருந்து, துணி, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். கிட்டத்தட்ட உங்கள் இடம்.

ஜூலியாவுக்கு மனநலம் கெட்டுப்போனது. அடைபட்டுக் கிடக்கிறவரிடம் இதை வேறு எதற்குச் சொல்ல என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். மனைவியிடமிருந்து மாதக்கணக்கில் கடிதம் வராது. ஏன் என்றும் தெரியாது. 1930 மே மாதம் தாத்தியானாவுக்கு அவர் எழுதியதன் சாரம் இது: கம்பியும் சுவரும் உள்ள சிறைக்கு நான் தயாராகத்தான் இருந்தேன், எதிரியிடமிருந்து அடி விழும் என்று தெரியும். குடும்பத்திலிருந்தும் என்னைத் துண்டிக்கிற இரண்டாவது சிறை ஒன்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவருடைய அம்மா சொந்தத் தீவான சார்டீனியாவில் 1932 டிசம்பர் கடைசியில் இறந்துபோனார். அதையும் அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அவர் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்.

அந்த வீட்டார்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, பாசத்தில் செய்ததுதான். உங்கள்மேலும் இல்லை. ஆனால் மூட்டு வலி என்பதை உங்கள் தம்பி நம்பியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? உள்ளே இருப்பவருக்கு யோசிக்க நேரம் ஏராளம். அம்மா இரண்டு மாதமாக வரவில்லை என்றால், போனது ஒரு விரல்தான் என்று அவர் மனம் நிற்காது. என்னென்னவோ நினைத்திருப்பார்.

அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கும்போது முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். புண் ஆறிவிட்டதா, என்ன மாத்திரை, யார் கட்டுப் போடுகிறார்கள் என்ற விவரமெல்லாம் பின்னாலேயே கடிதத்தில் போகட்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் காதில் விழாததைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொள்வார். அப்புறம், டாக்டர் சரி என்றதும் ஒரு காரைப் பிடித்தாவது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். மண்டேலா தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் இருந்தபோது, 1968இல், அவருடைய அம்மா சொந்த ஊர்ப் பக்கமான டிரான்ஸ்கையிலிருந்து அத்தனை தூரம் வந்து பார்த்தார். அரை மணி நேரச் சந்திப்பை, தூரத்திலிருந்து வந்தவர்கள் என்று முக்கால் மணியாக்கினார்கள். அம்மா மெலிந்திருந்ததை மகன் கண்ணாலேயே பார்த்தார். சில வாரங்களில் அம்மா இறந்ததாகத் தந்தி வந்தது. அடக்கத்துக்குப் போக அனுமதி கேட்டார், கொடுக்கவில்லை. அந்த முக்கால் மணி நேரமாவது இருந்தது.

சரி, மற்ற நாட்களில் என்ன எழுதுவது? ஊர்க்கதைதான். கிராம்சி தன் அம்மாவிடம் கேட்டு எழுதியதைப் பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு சின்ன விஷயங்கள். ஊர்த் திருவிழாவில் பாட்டுப் போட்டி நடந்தால் எதைப் பற்றிப் பாடினார்கள் என்று எழுது, சார்டீனியப் பாட்டு ஏதாவது அனுப்பு என்கிறார். மண்டேலாவோ ஒரு தக்காளிச் செடி முளைத்து வளர்ந்து பட்டுப்போனதை மனைவிக்கு இரண்டு கடிதங்களில் எழுதினார். சிறை அதிகாரிகளுக்கு அதில் வெட்ட ஒன்றும் கிடைத்திருக்காது. உங்கள் தெருவில் யார் வீடு கட்டுகிறார்கள், எந்த மாடு கன்று போட்டது, கோயில் கொடைக்கு யார் வரி தரவில்லை, இதெல்லாம் உங்களுக்குச் செய்தியே இல்லை. அவருக்குச் செய்தி. கூடவே ஏதாவது ஒன்றில் அவரிடம் யோசனை கேளுங்கள். கூரை ஓடுகளை இப்போது மாற்றலாமா, மழை முடியட்டுமா, இப்படி. அவர் பதில் எழுதியபடியே செய்யவும் செய்யுங்கள். "கவலைப்படாதே, கடவுள் இருக்கிறார்" என்று பக்கத்தை நிரப்புவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால் வழக்கு விஷயம் வக்கீல் வழியாகவே போகட்டும். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். ராபன் தீவில் வேண்டாத வரிகளை முதலில் மையால் அழித்தார்கள். கைதிகள் அதைக் கழுவிப் படித்துவிட்டார்கள். பிறகு பிளேடால் வெட்ட ஆரம்பித்தார்கள், பின்பக்கம் எழுதியதும் சேர்ந்து போனது. இங்கே அப்படி வெட்டுவார்கள் என்று சொல்லவில்லை, பழக்கம் நல்லது. ஒவ்வொரு கடிதத்துக்கும் தேதியும் எண்ணும் போடுங்கள். ஐந்துக்குப் பிறகு ஏழு வந்தால் நடுவில் ஒன்று வரவில்லை என்று அவருக்குத் தெரியும், நீங்கள் மறந்துவிட்டதாக நினைக்கமாட்டார்.

இனி துபாய். கிராம்சி வீட்டிலும் இது நடந்தது. அப்பா சிறையில் இருப்பதைப் பெரிய பையன் தேலியோவிடம் சொல்லாமல் வைத்திருந்தது தெரிந்தபோது, அது சரியில்லை என்று அவர் எழுதினார். பெரியவர்கள் எதையோ ஒளிக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி, நானும் அதே கட்சிதான். உங்கள் மருமகள் பள்ளிக்கூடம் போகிறவள். ஒருநாள் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை சொல்லிவிடும். அது சொல்கிற வார்த்தை நீங்கள் தேர்ந்தெடுத்த வார்த்தையாக இருக்காது.

ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அத்தையான நீங்கள் இல்லை, குழந்தையின் அம்மா. எந்த வார்த்தையில் சொல்வது என்பதை உங்கள் தம்பியிடம் கேளுங்கள். எண் போட்டு எழுதும் முதல் கடிதத்தில் இதையே கேட்கலாம். பதில் வர இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை, அதுவரை துபாயிலேயே இருக்கட்டும்.

அன்புடன்