கபடி நன்றாக ஆடத் தெரியும். நல்ல கோச்சாக ஆவது எப்படி?

கேள்வி கேட்டவர் மாவட்ட அளவில் ஆடியவராம். ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் கபடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது, தெரிந்ததையெல்லாம் சொல்லியும் பிள்ளைகள் அதே தப்பைத்தான் செய்கிறார்கள், எந்தக் கோர்ஸ் சேரலாம் என்று கேட்டிருக்கிறார். கோர்ஸுக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் கடலூர். சிப்காட் பக்கம் ஷிப்ட் வேலை. மிச்ச நேரம் தேவனாம்பட்டினம் பக்கத்தில் ஒரு மண் மைதானத்தில் பெண் பிள்ளைகள் அணி. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதில் முதல் ஐந்து வருஷத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. கத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஒருநாள் என் அக்கா மகள் மைதானத்துக்கு வந்தாள். சும்மா உட்காரப் பிடிக்காமல் ஒன்றரை மணி நேரப் பயிற்சியைப் போனில் எடுத்துவிட்டாள். ராத்திரி வீட்டில் ஓடவிட்டுப் பார்த்தபோது, "மாமா, அதுங்க ஆடுறதவிட நீங்க பேசுறதுதான் அதிகமா இருக்கு" என்றாள். சுள்ளென்று கோபம் வந்தது. அவள் தூங்கப் போன பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். 90 நிமிடத்தில் 52 நிமிடம் என் குரல். அந்த 52 நிமிடமும் பிள்ளைகள் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள். ஒருத்தி கட்டை விரலால் மண்ணில் கோலம் போடுகிறாள்.

அதே வீடியோவில்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. எங்கள் ரைட் கார்னர், அதாவது தடுக்கிற வரிசையில் வலது ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்குக் கணுக்கால் பிடி எப்போதும் அரை வினாடி தாமதமாகும். கை போய்ச் சேரும்போது கால் போய்விட்டிருக்கும். இரண்டு மாதமாக "சீக்கிரம் பிடி", "நல்லா குனி" என்று நான் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். வீடியோவில் அவள் முகம் நேராகத் தெரிந்தது. கண் முழுக்க ரெய்டரின், அதாவது பாடி வருகிறவளின், கையில் இருந்தது.

மறுநாள் கத்தவில்லை. "ரெய்டர் உள்ள வர்றப்ப நீ எங்கம்மா பாக்குற?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கையத்தான் சார். தொட்டுருவாளோன்னு பயமா இருக்கும்" என்றாள்.

பாருங்கள், நல்ல ரெய்டர் கையை ஆட்டுவதே ஏமாற்றுவதற்குத்தான். எந்தப் பக்கம் போகப்போகிறாள் என்பதை இடுப்பும் முன்வைத்த காலும் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இது ரத்தத்திலேயே ஊறியது. அதனாலேயே ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆடியவர்கள் கோச் ஆகும்போது விழுகிற குழி இதுதான் என்பது என் எண்ணம். நமக்குத் தானாக வருவது பிள்ளைக்குத் தெரியாது என்று நமக்குத் தோன்றவே தோன்றாது.

அப்போதும் "காலைப் பார்" என்று சொல்லி நிறுத்தியிருந்தால் அது 53-ஆவது நிமிடமாகியிருக்கும். பயிற்சியை மாற்றினேன். ரெய்டு போகிறவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்ள வேண்டும், காலால் மட்டும்தான் தொடலாம். பார்க்கக் கையே இல்லை என்றதும் கார்னரில் நின்றவளின் கண் தானாகக் கீழே இறங்கியது. பத்து நாள் அப்படியே ஓட்டினேன். கையை விடுவித்த அன்று பழைய பழக்கம் திரும்பி வந்தது, எதிர்பார்த்ததுதான். மறுபடி இரண்டு நாள் கட்டினோம். அடுத்த போட்டியில் அவள் பிடித்த இரண்டாவது கணுக்காலின்போது நான் வாயே திறக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

டைம் அவுட்டையும் இதோடு வைத்துப் பாருங்கள். கிடைப்பது 30 வினாடி. மூச்சு வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் ஆறு விஷயம் சொல்வேன், ஏழாவதற்குள் விசில் அடித்துவிடும். இப்போது முதல் பத்து வினாடி தண்ணீர். அப்புறம் ஒரே வாக்கியம்: "ஏழாம் நம்பர் போனஸுக்குத்தான் வர்றா, பின்னாடி போகாதீங்க" என்கிற மாதிரி. (போனஸ் என்பது உள்ளே இருக்கும் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் கிடைக்கும் கூடுதல் புள்ளி.) மிச்ச நேரம் கேப்டன் பேசுவாள். உள்ளே நின்று ஆடுகிறவள் அவள்தானே.

2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பெண்கள் இறுதி ஆட்டத்தில் இந்தியா 24-27 என்று ஈரானிடம் தோற்றது நினைவிருக்கும். ஈரான் அணியின் கோச் ஷைலஜா ஜெயின், நாசிக்காரர். அங்கே போனவர் பிள்ளைகளோடு பேசுவதற்காகப் பாரசீக மொழி கற்றுக்கொண்டார். தோற்ற அன்று எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் தமிழில் பேசியே புரியவைக்க முடியாத நான் யாரைக் குறை சொல்வது?

சரி, ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். சப் ஜூனியர் பிரிவில் எடை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. ஒருமுறை ஒரு பிள்ளை ஒரு கிலோ கூடுதலாக இருந்தாள். "ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சுக்கோ" என்று போகிற போக்கில் சொன்னேன். அவள் ராத்திரியும் சாப்பிடவில்லை, காலையில் தண்ணீரும் குடிக்கவில்லை. எடை சரியாக வந்தது. முதல் பாதி முடிவதற்குள் மயங்கி விழுந்தாள். அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அது இன்னும் மோசம். அன்றிலிருந்து போட்டிக்கு ஆறு வாரம் முன்பே எடை பார்த்துவிடுவேன். வளர்கிற பிள்ளை ஏறினால் ஏறட்டும், அடுத்த பிரிவில் ஆடட்டும்.

பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் இதையும் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். கபடி தொட்டு ஆடுகிற ஆட்டம். தொடைப்பிடியை நானே பிடித்துக் காட்ட மாட்டேன். சீனியர் பெண் ஒருத்தி காட்டுவாள், நான் பக்கத்தில் நின்று சொல்வேன். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். தனியாக ஒரு பிள்ளையை மட்டும் நிறுத்திவைப்பது கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். குழந்தைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தால் புகார் சொல்வது நம் கடமை என்று அதில் இருக்கிறது. என்னோடு ஆடிய பலருக்கு இது தெரியவே தெரியாது.

கோர்ஸ் விஷயம். கட்டாயம் சேருங்கள். பட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு நடத்துகிறது; வேலையில் இருப்பவர்களுக்கு அது தோதானது. ஒரு வருஷ டிப்ளமோ என்றால் வேலையை விட வேண்டும், ஆனால் அரசு கோச் வேலை குறி என்றால் அதன் மதிப்பே வேறு. இங்கே என்றால் சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறை இருக்கிறது. படித்ததில் எனக்கு உதவியது உடலைப் பற்றிய பாடம்தான். முட்டி திரும்பி 'டப்' என்று சத்தம் கேட்டதாகப் பிள்ளை சொன்னால் எண்ணெய் தேய்க்காமல் அன்றே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பதை அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மற்றபடி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் மூன்று வரி: இன்று என்ன செய்யச் சொன்னேன், பிள்ளைகள் என்ன செய்தார்கள், நாளைக்கு எதை மாற்றுவேன். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் மைதானம் குளமாகிவிடும். அப்போது பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பழைய நோட்டையும் வீடியோவையும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்போம். என்னைக் கிண்டலடிக்க அவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

வீடியோ இன்னும் மாதம் ஒருமுறை எடுக்கிறோம். போன மாதம் என் பேச்சு 31 நிமிடம். அதிலும் ஒன்பது நிமிடம் லேட்டாக வந்தவர்களைத் திட்டியது என்று அக்கா மகள் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறாள்.