குடும்பப் படங்களுக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: குடும்பப் புகைப்படங்களை வீட்டிலுள்ள பழைய கணினியிலேயே சேமிக்க எண்ணுகிறேன். நெக்ஸ்ட்கிளவுட், இம்மிச் ஆகிய இரு கட்டற்ற மென்பொருள்களில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: கோப்புகளையும் நாள்காட்டியையும் சேர்த்து வைக்க வேண்டுமானால், 2016இல் ஓன்கிளவுட் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து உருவான நெக்ஸ்ட்கிளவுட் பொருத்தமானது. படங்கள் மட்டும் என்றால் தயங்காமல் இம்மிச்சையே நிறுவுங்கள். கைபேசியிலிருந்து படங்களைத் தானாகவே ஏற்றிக்கொள்வதோடு, முகங்களை அடையாளம் காணும் வேலையையும் அது உங்கள் கணினியிலேயே செய்துவிடுவதால், பிள்ளைகளின் படங்கள் எந்த நிறுவனத்தின் கைக்கும் போவதில்லை.

காப்புப்படி எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். படக் கோப்புறையை மட்டும் வெளி வன்தட்டில் நகலெடுத்தால் போதாது. ஆல்பங்களும் முகங்களுக்கு நீங்கள் இட்ட பெயர்களும் இம்மிச் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இருப்பதால், அதன் நகலையும் எடுத்து, ஒரு பிரதியை உறவினர் வீட்டில் வையுங்கள். வெளியூரிலிருந்து படங்களைப் பார்க்க, ரவுட்டரில் இம்மிச்சின் போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்பு வாசலை) நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாமல், வீட்டு வலையமைப்போடு மறையாக்கத்துடன் இணைக்கும் விபிஎன் மென்பொருளான வயர்கார்டு வழியாக இணைவதே பாதுகாப்பானது.