சுற்றுலாவில் சாப்பாடும் உடற்பயிற்சியும்: வாசகர் கேள்விகளுக்கு உணவியல் நிபுணரின் பதில்கள்

விடுமுறை நெருங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் தொனியே மாறிவிடும். கிளம்புமுன் எழுதுகிறவர்களிடம் பயம் தெரியும், திரும்பி வந்து எழுதுகிறவர்களிடம் குற்ற உணர்ச்சி தெரியும். இரண்டுமே தேவையில்லை என்பதைத்தான் என்னிடம் ஆலோசனைக்கு வரும் எல்லோரிடமும் சொல்கிறேன். ஊரில் இருக்கும்போது கடைப்பிடிக்கும் எல்லாவற்றையும் பயணத்திலும் அப்படியே செய்யப் பார்த்தால் மூன்றாம் நாளே சலித்துப்போகும். சாப்பிடும் நேரம், சாப்பிட்ட பின் ஒரு நடை, தூங்கும் நேரம் இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் மற்றவற்றைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். இந்த முறை வந்த கேள்விகளில் சில:

ஆறு மாதம் கஷ்டப்பட்டு எடையைக் குறைத்தேன். ஒரு வாரம் சுற்றுலா போய் வந்து பார்த்தால் 2.5 கிலோ கூடியிருக்கிறது. பட்ட பாடெல்லாம் வீணா மேடம்?

நிச்சயமாக இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். 2.5 கிலோவும் கொழுப்பாகவே ஏறியிருந்தால், உடம்புக்குத் தேவையானதற்கு மேல் தினமும் சுமார் 2,700 கலோரி வீதம் ஏழு நாளும் சாப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் எழுதி அனுப்பிய சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அப்படியானால் எடை ஏன் ஏறியது? பெரும்பகுதி தண்ணீர்தான். மாவுச்சத்தைக் கூடுதலாகச் சாப்பிட்டால் கல்லீரலும் தசையும் அதை கிளைகோஜனாகச் சேமித்துக்கொள்ளும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். டயட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கையிருப்பு எப்போதும் குறைவாகவே இருப்பதால், அது நிரம்பும்போது எடையில் சட்டென்று தெரியும். போதாக்குறைக்கு வெளிச் சாப்பாட்டில் உப்பு அதிகம், அதுவும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஒரு வாரம் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். அப்போது குறையாமல் மிச்சம் நிற்பதுதான் நிஜமாக ஏறியது. அது அரைக் கிலோவாக இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். தானாக இறங்கிவிடும் என்று விட்டால், அடுத்த பயணத்தில் ஏறுவது அதன் மேல் ஏறும். ஆனால் அதற்காக இன்றைக்குப் பட்டினி கிடக்காதீர்கள், ராத்திரி பசி தாங்காமல் இரட்டிப்பாகச் சாப்பிடுவதில்தான் போய் முடியும்.

வாரத்தில் நான்கு நாள் ஜிம்முக்குப் போகிறேன். இரண்டு வாரம் வெளியூரில் தங்க வேண்டும், அங்கே ஜிம் கிடையாது. தசையெல்லாம் போய்விடுமா?

இரண்டு வாரத்தில் தசை போகாது. பயிற்சியை அடியோடு நிறுத்தினாலும் இரண்டு மூன்று வாரம் வரை பலம் பெரிதாகக் குறைவதில்லை. முதலில் இறங்குவது மூச்சுத் தாக்குப்பிடிக்கும் திறன்தான், அதுவும் பத்து நாளைத் தாண்டினால். பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பயணத்துக்கு அந்த இரண்டு நாளே போதும்.

தங்கும் அறையில் ஒரு நாற்காலி இருந்தால் போதும். அதன் முன்னால் நின்று, உட்காரப் போவதுபோல மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்குங்கள். ஆசனத்தை லேசாகத் தொட்டதும் எழுந்துவிடுங்கள். மெதுவாக இறங்குவதில்தான் பலனே இருக்கிறது. எடை இல்லாத குறையை அது பெருமளவு ஈடுகட்டும். அடுத்து தரையில் புஷ்-அப், முடியாதவர்கள் அசையாத கட்டில் விளிம்பில் கை ஊன்றிச் செய்யலாம். அறைப் பயிற்சியில் எல்லோரும் விட்டுவிடுவது முதுகுக்கான இழுக்கும் பயிற்சியை. முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு, பையை விலாவை நோக்கி இழுங்கள். கடைசியாக ஒரு பிளாங்க், அதாவது குப்புறப் படுத்து முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை நேராகத் தூக்கி அசையாமல் நிற்பது. ஒவ்வொன்றும் 10 முதல் 12 முறை, பிளாங்க் மட்டும் அரை நிமிடம், மொத்தம் மூன்று சுற்று. கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், அவ்வளவுதான். காலையில் குளிக்கப் போகும் முன்னால் முடித்துவிடுங்கள். வெளியே கிளம்பிவிட்டால் அன்றைக்கு அது நடக்கவே நடக்காது.

காலை பஃபேயைப் பார்த்தாலே கட்டுப்பாடு போய்விடுகிறது. காசு கொடுத்துவிட்டோமே என்று எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன்.

கொடுத்த காசு கொடுத்ததுதான். கூடுதலாக இரண்டு தட்டு சாப்பிட்டால் அது திரும்பி வரப்போவதில்லை. உள்ளே போனதும் தட்டை எடுக்காமல் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வீட்டில் கிடைக்காத, உண்மையிலேயே ஆசையாக இருக்கிற இரண்டு ஐட்டங்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தட்டை எடுத்து, முதலில் முட்டை, தயிர், பயறு மாதிரியான புரதமும் காய்கறியோ பழமோ வையுங்கள். மிச்ச இடத்தில் அந்த இரண்டு ஐட்டம். ரொட்டி, கேக், இனிப்பு தடவிய தானியம் போன்றவை எந்த ஊரிலும் கிடைக்கும், அவற்றில் வயிற்றை நிரப்புவது வீண். பரிமாறும் மேஜைக்கு முதுகு காட்டி உட்காருவதும் உதவும், கண்ணில் படாததைக் கை தேடாது. ஜூஸுக்குப் பதில் முழுப்பழம் எடுங்கள்.

எனக்கு 62 வயது. சர்க்கரைக்கு மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுக்கிறேன். பத்து நாள் குழுப் பயணம். சாப்பாட்டு நேரம் என் கையில் இல்லை, நிறைய நடக்கவும் வேண்டுமாம். போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் வந்த கடிதங்களில் எனக்கு அதிகக் கவலை தந்தது உங்களுடையதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பயணத்தில் சர்க்கரை ஏறிவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உங்களுக்கு அதைவிட உடனடி ஆபத்து சர்க்கரை தாழ்ந்துபோவது. வழக்கத்தைவிட அதிக நடை, தள்ளிப்போகும் சாப்பாடு, அதோடு இன்சுலின் என மூன்றும் சேர்ந்தால் திடீரென்று இறங்கும். நீண்ட தூரம் நடந்த நாளில் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் வந்தால் உடனே உட்கார்ந்து 15 கிராம் சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் மாத்திரையாகவோ, அரை கப்புக்குச் சற்று மேல் பழச்சாறாகவோ இருக்கலாம். 15 நிமிடம் கழித்துப் பரிசோதியுங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு. சரியானதும், அடுத்த சாப்பாடு தாமதமாகும் என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் நடையைத் தொடர வேண்டும். சாக்லேட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். இவை எல்லாம் உங்கள் தோளில் தொங்கும் பையில் இருக்க வேண்டும், வண்டியின் டிக்கியில் அல்ல. கூட வருபவர் ஒருவருக்காவது இந்த அறிகுறிகளையும், பை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள்.

விமானம் என்றால் இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்குப் பகுதியில் உறைந்துபோக வாய்ப்புண்டு, உறைந்த இன்சுலினை மறுபடி பயன்படுத்தக் கூடாது. வெயிலில் நிறுத்திய காரில் விட்டாலும் கெட்டுவிடும். மருந்துகளை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில் வையுங்கள், ஒரு பை தொலைந்தாலும் சமாளிக்கலாம். நேர மண்டலம் மாறும் பயணம் என்றால், ஊசி எந்த நேரத்தில், எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். நிறைய நடக்கப்போகும் நாட்களில் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக மாற்ற வேண்டாம்.

இன்னொன்று, செருப்பு. பயணத்துக்காக வாங்கிய புது ஷூவை முதன்முதலாக அங்கே போய்ப் போடாதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. தினமும் இரவு படுக்கும் முன் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். மணலாக இருந்தாலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

விடுமுறைக்கு அத்தை வீட்டில்தான் தங்குவோம். வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிவிடும். எப்படி மறுப்பது?

மறுக்காதீர்கள். அன்போடு செய்வதை வாங்கிச் சாப்பிடுங்கள், ஆனால் முதல் பரிமாறலைப் பாதியாக வாங்குங்கள். "அத்தை, இது நல்லா இருக்கு, சாயந்திரம் மறுபடி சாப்பிடறேனே" என்று சொன்னால் அவர் மனமும் நிறையும். சமையலறையில் காய் நறுக்கக் கூட நின்றால், காய்கறி ஒரு வகை கூடுதலாக இருக்கும்படி நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சாப்பிட்டதும் அவரையும் அழைத்துக்கொண்டு கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

எட்டு மணி நேர விமானப் பயணத்தில் கால் வீங்கிவிடுகிறது. ஆபத்தா?

இரண்டு காலும் சமமாக லேசாக வீங்கி, மறுநாள் வடிந்துவிட்டால் பொதுவாகக் கவலையில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தே பயணம் செய்தால் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு சுமார் இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கை சொன்னது. அப்படியும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். கார், பஸ், ரயில் எதுவானாலும் இதே கதைதான். காரணம் விமானமல்ல, அசையாமல் இருப்பது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலிலுள்ள ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அதனால் குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று மாற்றி மாற்றி இருபது முறை, மணிக்கு ஒருதடவை செய்யுங்கள். இடையில் எழுந்து நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கிளம்புமுன்பே டாக்டரைப் பாருங்கள்.

ஊரைவிட்டுக் கிளம்பினாலே மலச்சிக்கல். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட எதுவுமில்லை, இது பலருக்கும் இருக்கிறது. காலைச் சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். அந்த நேரத்தில் அவசரமாகக் கிளம்பி, உணர்வை அடக்கிக்கொண்டு வண்டியில் ஏறுவதால்தான் பாதிப் பிரச்சினை. அரை மணி நேரம் முன்னால் எழுந்து, சாப்பிட்டபின் நிதானமாக இருக்க நேரம் ஒதுக்குங்கள். தினம் 25 கிராம் நார்ச்சத்து தேவை. கையில் ஒரு பழமும் ஒரு பிடி கொட்டைகளும் எப்போதும் இருக்கட்டும். வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

சுற்றிப்பார்க்கும்போது தினம் 10,000 அடியைத் தாண்டிவிடுகிறேன். சாப்பாட்டில் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

நடப்பது மிக நல்லது, விடாதீர்கள். ஆனால் 10,000 அடிக்குச் செலவாவது பெரும்பாலானவர்களுக்கு 300 முதல் 400 கலோரிதான். ஒரு பெரிய இனிப்புப் பானமும் ஒரு துண்டு கேக்கும் அதை ஈடுகட்டிவிடும். அந்த 10,000 என்ற எண்ணே 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பரவியதுதான். அதைவிடக் குறைவாக நடப்பதிலும் நல்ல பலன் உண்டு. நின்று நின்று வேடிக்கை பார்த்து நடப்பதில் மூச்சு வாங்காது, அதனால் நடுவில் ஒரு இருபது நிமிடமாவது விறுவிறுவென்று நடங்கள்.

திரும்பி வந்தபின் மறுபடி ஆரம்பிக்கவே முடிவதில்லை. ஒரு வாரப் பயணத்துக்கு ஒரு மாதம் போய்விடுகிறது.

வேலையைக் கிளம்பும் முன்பே பாதி முடித்துவிட வேண்டும். திரும்பி வரும் நாளில் வீட்டில் ஒன்றும் இருக்காது, களைப்பில் வெளியிலிருந்து வரவழைப்பீர்கள், அதுவே மறுநாளும் தொடரும். ஃப்ரீசரில் ஒரு வேளைக்கான சாப்பாட்டைச் செய்து வைத்துவிட்டுப் போங்கள். முடிந்தால் வேலைக்குப் போகும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். முதலில் சரிசெய்ய வேண்டியது தூக்கத்தை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், இனிப்பும் பொரித்ததும்தான் வேண்டும் என்று தோன்றும். வெளிநாடு போய் வந்தவர்களுக்கு ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற கணக்கில் உடல் கடிகாரம் சீராகும். காலை வெளிச்சத்தில் நடந்தால் பெரும்பாலும் அது எளிதாகும்.

உடற்பயிற்சியில் முதல் நாளே பழைய எடையைத் தூக்காதீர்கள். மறுநாள் தொடங்கி மூன்று நாள் வரை உடம்பு வலி எடுக்கும், அந்த வலியையே சாக்காக வைத்து விட்டுவிடுவீர்கள். வழக்கத்தில் பாதி அளவு, பாதி நேரம் என்று ஆரம்பித்து ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வாருங்கள். பயணத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால், முழுக்கக் குணமாகும் வரை ஓட்டமும் எடையும் வேண்டாம், குணமான பிறகும் சில நாள் வெறும் நடை மட்டும் போதும்.