உணர்ச்சிவசப்படும் கலைஞரான என் கணவரை எப்படிப் புரிந்துகொள்வது? இணையத்தில் எழுதிய ஆளுமைத் தேர்வில் அவருக்கு ஐ.எஸ்.எஃப்.பி., எனக்கு ஈ.எஸ்.டி.ஜே. என்று வந்தது. நாங்கள் பொருந்தாத ஜோடியா?

உங்கள் கடிதத்தில், "சண்டை வந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய்விடுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் சுவாமிமலையில் ஐம்பொன் சிலை செய்பவர். திருமணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு எங்கள் மகள் கைபேசியில் கேள்விகளைப் படிக்க, அவர் பதில் சொன்னார். அவருக்கும் அதே நான்கு எழுத்துகள்தாம் வந்தன.

முதலில் அந்த எழுத்துகளைப் பற்றி. 1921இல் உளவியலாளர் கார்ல் யுங் எழுதிய ஆளுமை வகைகளை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கிய முறை இது. உள்முகம், வெளிமுகம் என்பதுபோல எதிரெதிரான நான்கு இணைகள், மொத்தம் 16 வகைகள். ஒவ்வொரு இணையிலும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நடுவே கோடு கிழிக்கிறார்கள். மனிதர்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்கு அருகில்தான் இருப்பார்கள். அதனால்தான் சில வாரங்கள் கழித்து அதே தேர்வை எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல இதை வைத்து ஒரு திருமணத்தை எடை போட வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அதில் ஒன்று எனக்கு மிகவும் உதவியது. 'எஃப்' ('ஃபீலிங்', அதாவது உணர்வு) என்ற எழுத்து அழுகையையோ கோபத்தையோ குறிப்பதில்லை. ஒரு முடிவை எடுக்கும்போது தனக்கு எது முக்கியம், எது சரி என்ற உள்மதிப்பை வைத்து எடுப்பதைக் குறிக்கிறது. ஐ.எஸ்.எஃப்.பி. வகையினர் அந்த மதிப்பை வாயால் சொல்வது அரிது, செய்து காட்டுவார்கள் என்கிறார்கள். இது எங்கள் வீட்டில் அப்படியே உண்மை.

என் அம்மா இறந்தபோது அவர் எனக்கு ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. உறவினர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்து அழுதார்கள். இவர் பட்டறைக்குப் போய்விட்டார். அந்தக் கோபம் எனக்குள் பல நாட்கள் எரிந்தது. காரியம் முடிந்து மூன்றாம் நாள் விளக்கேற்றப் போனபோதுதான் கவனித்தேன். அம்மா எனக்குக் கொடுத்த குத்துவிளக்கின் தண்டு ஆண்டுக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது அசையாமல் நின்றது. எப்போது எடுத்துப் போனார், எப்போது கொண்டுவந்து வைத்தார் என்று எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

உங்கள் கணவரும் இப்படி ஏதாவது செய்துகொண்டிருக்கக்கூடும். கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

உணர்ச்சிவசப்படுகிறார் என்று நீங்கள் சொல்வது நுண்ணுணர்வாக இருக்கலாம். அது இந்த வகைகளிலிருந்து வேறான விஷயம். எலேன் ஏரன் என்ற உளவியலாளர் 1990களில் இதை ஆராய்ந்து, 27 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலையும் உருவாக்கினார். நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேர் இப்படிப் பிறக்கிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. இது நோய் இல்லை. வெளியிலிருந்து வரும் ஒலி, ஒளி, பிறர் முகமாற்றம் எல்லாவற்றையும் இவர்கள் மனம் ஆழமாக வாங்கி நீண்ட நேரம் அலசுகிறது. அதனால் சீக்கிரம் களைத்தும் போகிறது. நான் அடுக்களையில் பாத்திரத்தை வைக்கும் சத்தத்திலேயே என் மனநிலை அவருக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவரிடம் நான் குரலை உயர்த்தினால், அவருக்கு என் குரல் மட்டும்தான் கேட்கும், நான் சொல்லும் காரணம் கேட்காது.

ஒருமுறை சிலை வாங்க வந்த ஒருவர், வேலையாட்கள் முன்னிலையில், "முகத்தில் களையே இல்லையே" என்று சொல்லிவிட்டார். இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒரு சொல்லுக்கு இப்படி உடைந்து போனால் எப்படித் தொழில் செய்வீர்கள்?" என்று நான் கத்தினேன். அவர் அமைதியாக, "அவர் சொன்னது சரிதான். எனக்கு முன்பே தெரியும். பையன்கள் எதிரில் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். குறை சொன்னால் தாங்கமாட்டார் என்று அதுவரை நினைத்திருந்தேன். தன் வேலையின் குறை அவருக்கு எல்லாருக்கும் முன்பே தெரிகிறது. அவமானத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து எதைச் சொல்வதானாலும் தனியாக, சீக்கிரம் சொல்கிறேன். அவர் தொழிலிலும் அப்படித்தானே. சிலையை முதலில் மெழுகில்தான் செய்வார். மெழுகில் இருக்கும்போது மூக்கைச் சற்று இளக்கித் திருத்திவிடலாம். வண்டல் மண் பூசி, சுட்டு, மெழுகு வெளியேறி, உலோகம் ஊற்றிய பிறகு உளியும் அரமும் வைத்து எவ்வளவுதான் செதுக்க முடியும்?

இதற்காக எல்லாவற்றையும் நீங்களே விழுங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்ல மாட்டேன். என் கணவர் ஒருமுறை நான்கு நாட்கள் பேசாமல் இருந்தார். அந்த நான்கு நாட்களும் எனக்குத் தண்டனைதான். அவர் தண்டிக்க நினைக்கவில்லை என்பது என் வலியைக் குறைக்கவில்லை. பிறகு அவரிடம் உறுதியாகச் சொன்னேன்: "எழுந்து போங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் எப்போது பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்." இப்போது "ராத்திரி சாப்பிட்ட பிறகு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். சொன்னபடி வரவும் செய்கிறார். எங்கள் வாழ்க்கையை அதிகம் மாற்றியது இந்த ஓர் ஏற்பாடுதான். மற்றபடி, வர வேண்டிய பணத்தைக் கேட்பது அவரால் இன்றும் முடியாது. கணக்கு வழக்கை நான் எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு வந்திருக்கும் நான்கு எழுத்துகள் ஒழுங்கையும் திட்டமிடலையும் விரும்புபவரைக் குறிப்பவை. அவற்றை நம்புவதானால், அந்த வேலை உங்களுக்கு நன்றாகவே வரும்.

இன்னொன்று. எதிரெதிரே உட்கார்ந்து "சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். அவர் வரைந்துகொண்டோ எதையாவது செய்துகொண்டோ இருக்கும்போது பக்கத்தில் போய் அமருங்கள், பேசாமலே இருங்கள். என் கணவர் தன் அப்பாவின் மரணத்தைப் பற்றி என்னிடம் முதன்முதலாகப் பேசியது திருமணமாகி ஆறாவது ஆண்டில். ஓர் அம்மன் சிலையின் மெழுகு விரல்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தார். நான் விளக்கைப் பிடித்திருந்தேன். ஐந்தாவது விரல் முடியும்வரை பேசினார்.